ஓர் அடி பின்வாங்கும் பீரங்கி... 60 டன் டாங்கியைக் காப்பாற்றும் எண்ணெய் பிரேக்! எப்படி வேலை செய்கிறது?

1894 செப்டம்பர். பாரிஸில் இருந்த ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து கிழிந்த கடிதம் ஒன்று பிரெஞ்சு உளவுத்துறையின் கைக்கு வந்து சேர்ந்தது. தூதரகத்தில் துப்புரவு வேலை பார்த்த பெண்மணி, குப்பையை எரிக்காமல் உளவுத்துறைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். துண்டுகளை ஒட்டிப் பார்த்தபோது அதிர்ச்சி. பிரான்ஸின் ராணுவ ரகசியங்களை ஜெர்மனிக்குக் கொடுக்க முன்வந்த யாரோ ஒருவர் எழுதிய பட்டியல் அது. அந்தப் பட்டியலில் முதலாவதாக இருந்தது என்ன தெரியுமா? 120 மி.மீ. பீரங்கியின் ஹைட்ராலிக் பிரேக் பற்றிய குறிப்பு!

பழி விழுந்தது பீரங்கிப் படையின் கேப்டன் ஆல்ஃபிரட் டிரைஃபஸ் மீது. அவர் ஒரு யூதர். கையெழுத்து அவருடையதுபோல இருக்கிறது என்று சொல்லி, 1894 டிசம்பரில் ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. பட்டாளத்தின் முன்னால் அவருடைய பதவிப் பட்டைகள் பிய்த்தெறியப்பட்டன, வாள் உடைக்கப்பட்டது. தென்னமெரிக்கக் கரையோரம் இருக்கும் 'டெவில்ஸ் ஐலேண்ட்' தீவில் தனிமைச் சிறை. கடிதத்தை உண்மையில் எழுதியது எஸ்டெர்ஹேசி என்ற வேறோர் அதிகாரி. எழுத்தாளர் எமிலி ஜோலா உட்படப் பலர் போராடிய பிறகு, 1906-ல்தான் டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார்.

ஒரு பிரேக் பற்றிய தகவல் ராணுவ ரகசியமா? ஆமாம். அந்தக் காலத்தில் எந்த நாட்டிடம் நல்ல பீரங்கி பிரேக் இருக்கிறதோ, அந்த நாட்டின் பீரங்கி பல மடங்கு வேகமாகச் சுடும். இன்று உலகில் ஓடும் ஒவ்வொரு டாங்கியின் உள்ளேயும் அந்த பிரேக்கின் வாரிசு ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் டாங்கியால் தன் எதிரியைச் சுடும் முன் தன்னையே உடைத்துக்கொள்ளத்தான் முடியும்!

உதை எங்கிருந்து வருகிறது?

பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. குண்டு முன்னால் பாய்ந்தால், குழல் பின்னால் உதைக்கும். பழைய பாயின்ட் 303 ரைஃபிளில் பயிற்சி எடுத்த போலீஸ்காரர்கள் யாராவது தெரிந்தால் கேட்டுப்பாருங்கள். ரைஃபிளைத் தோளோடு இறுக்கிப் பிடிக்காத முதல் நாளில் தோள்பட்டை சிவந்த கதையைச் சொல்வார்கள். இந்தப் பின்னுதைப்பைத்தான் ஆங்கிலத்தில் 'ரீகாயில்' என்கிறார்கள்.

ரைஃபிள் தோட்டாவின் எடை சில கிராம்தான். டாங்கியின் கதையே வேறு. ஒரு 120 மி.மீ. டாங்கி பீரங்கியை எடுத்துக்கொள்வோம். கவசத்தைத் துளைக்கும் அதன் குண்டு சுமார் 8 கிலோ. அது குழலை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு 1,600 மீட்டருக்கு மேல். அதாவது சென்னை சென்ட்ரலிலிருந்து தாம்பரத்துக்கு 20 நொடிக்குள் போய்விடும் வேகம். குண்டோடு, எரிந்த வெடிமருந்தின் வாயுவும் பல கிலோ எடையில் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. இரண்டும் சேர்ந்துதான் குழலைப் பின்னால் தள்ளுகின்றன.

எவ்வளவு பலமாகத் தள்ளும்? ஒரு தோராயக் கணக்குப் போடலாம். வெடிக்கும் கணத்தில் குழலுக்குள் இருக்கும் அழுத்தம், நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 5,000 மடங்கு. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 5 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 செ.மீ. விட்டமுள்ள குழலின் குறுக்குப் பரப்பு 113 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால், 565 டன்!

பீரங்கியை டாங்கியோடு அசையாமல் 'வெல்டிங்' வைத்துவிட்டால், இந்த 565 டன்னும் நேராக டாங்கியின் உடம்பில் இறங்கும். டாங்கியின் மொத்த எடையே 60 டன்தான். இந்த அடி நீடிப்பது சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி மட்டுமே என்றாலும், போல்ட்டுகளையும் பேரிங்குகளையும் பார்வைக் கருவிகளின் கண்ணாடிகளையும் ஒரு கை பார்த்துவிடும்.

இதற்குத் தீர்வு கிரிக்கெட் ஆடும் எல்லோருக்கும் தெரியும். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையை விறைப்பாக நீட்டி வைத்தால் விரல் பெயர்ந்துவிடும். பந்தோடு சேர்ந்து கையைப் பின்னால் இழுத்தால் வலி தெரியாது. பந்தின் வேகம் அதேதான். ஆனால், அது நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரமும் நேரமும் கூடிவிட்டன. பீரங்கியின் பிரேக் செய்வதும் இதைத்தான். உதையை அது ஒழிப்பதில்லை. கொஞ்சம் நீட்டிப் பரப்பி, தாங்கக்கூடியதாக மாற்றுகிறது.

ஓடிப்போன பீரங்கிகள்

பிரேக் வருவதற்கு முன்னால் பீரங்கிப் படை வீரர்களின் பிழைப்பு பரிதாபமானது. அன்றைய பீரங்கிகள் சக்கரம் வைத்த வண்டியின் மேல் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். ஒருமுறை சுட்டால் வண்டியே சில அடி தூரம் பின்னால் ஓடும். வீரர்கள் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, மறுபடியும் குறி பார்த்து, மறுபடியும் சுட வேண்டும். ஓடி வரும் வண்டிக்குப் பின்னால் நின்றவர்களின் கதி சொல்ல வேண்டியதில்லை.

வண்டியை ஓட விடாமல், குழலை மட்டும் ஓடவிட்டால் என்ன? இந்த யோசனை 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பல நாடுகளில் சோதிக்கப்பட்டது. அதைக் களத்தில் முழுமையாக ஜெயிக்கவைத்தது பிரான்ஸின் 1897-ம் ஆண்டு மாடல் 75 மி.மீ. பீரங்கி. அதன் குழல், வண்டியின் மேல் ஒரு தொட்டிலுக்குள் சுமார் 1.2 மீட்டர் தூரம் சறுக்கிப் பின்னால் வரும். எண்ணெயும் அழுத்தப்பட்ட காற்றும் அதை நிறுத்தி, பழைய இடத்துக்கே தள்ளிவிடும். வண்டி அசையாது, குறியும் பெரிதாக விலகாது. விளைவு, நிமிடத்துக்கு சுமார் 15 குண்டுகள்! முதல் உலகப்போரில் பிரான்ஸ் பெரிதும் நம்பியிருந்த பீரங்கி இது.

டிரைஃபஸ் வழக்கில் பிரேக் என்ற வார்த்தைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு இருந்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

உள்ளே என்ன இருக்கிறது?

இன்றைய டாங்கியின் பீரங்கியிலும் அடிப்படை அதேதான். மூன்று வேலைகள், மூன்று பாகங்கள்.

முதலாவது, எண்ணெய் பிரேக். ஊசி போடும் சிரிஞ்சைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மெதுவாக அழுத்தினால் மருந்து சுலபமாக வரும். வேகமாக அழுத்தினால் கை வலிக்கும், ஏனென்றால் சின்ன ஓட்டை வழியாக அவ்வளவு திரவமும் அவசரமாகப் போக முடியாது. பிரேக் சிலிண்டருக்குள்ளும் எண்ணெய், ஒரு பிஸ்டன், சின்னச் சின்னத் துளைகள். குழல் பின்னால் வரும்போது பிஸ்டன் எண்ணெயை அந்தத் துளைகள் வழியாகப் பிதுக்குகிறது. ஏசி அறைகளின் கதவை 'டமார்' என்று மூடவிடாமல் மெதுவாக மூடவைக்கும் 'டோர் குளோசர்', பைக்கின் 'ஷாக் அப்சார்பர்' எல்லாம் இதே குடும்பம்தான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குழல் கிளம்பும்போது வேகம் அதிகம், நிற்கப்போகும்போது குறைவு. துளை ஒரே அளவில் இருந்தால், முதலில் முரட்டுத்தனமாகத் தடுத்துவிட்டு, கடைசியில் ஏனோதானோ என்று விட்டுவிடும். அதனால் குழல் பின்னால் வரவர எண்ணெயின் வழி குறுகிக்கொண்டே போகும்படி அமைத்திருக்கிறார்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீரான தடை கிடைக்கும்.

இரண்டாவது, திருப்பி அனுப்பும் பாகம். இதற்கு 'ரெக்யூபரேட்டர்' என்று பெயர். அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு அல்லது கனமான ஸ்பிரிங் இதில் இருக்கும். குழல் பின்னால் வரும்போது வாயு நசுங்கி, கொஞ்சம் சக்தியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். குழல் நின்றதும் அந்தச் சக்தி அதை முன்னால் தள்ளி, பழைய இடத்தில் உட்கார வைக்கும். பீரங்கி வானத்தை நோக்கி நிமிர்ந்திருந்தாலும் அவ்வளவு எடையையும் மேலே தள்ளும் பலம் இதற்கு வேண்டும்.

மூன்றாவது, முன்னால் போகும் குழலையும் மெதுவாக்கும் சிறிய பிரேக். இது இல்லாவிட்டால் திரும்பிப் போகும் குழல் முன்பக்கம் மோதி, டாங்கியின் மூக்கைக் குலுக்கிவிடும்.

திரும்பும் பயணத்தையும் வீணாக்குவதில்லை. பல டாங்கிகளில் குழல் முன்னால் திரும்பும்போதே அதன் பின்கதவு தானாகத் திறந்து, காலி வெடியுறையோ அதன் அடிப்பாகமோ வெளியே வந்து விழும். லோடர் அடுத்த குண்டைத் தள்ள வேண்டியதுதான் பாக்கி.

565 டன் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போமா? பின்னால் வரும் பாகங்களின் எடை சுமார் 2 டன் என்றும், அது மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆட்கள் நிறைந்த ஒரு பெரிய கார் அதே வேகத்தில் வருகிறது, அதை ஒரே ஓர் அடிக்குள் நிறுத்த வேண்டும் என்பதற்குச் சமம் இது. அதற்குத் தேவைப்படும் தடை சுமார் 50 டன். ஆக 565 டன் அடி, 50 டன் தள்ளலாக மாறுகிறது. நேரம் 20-ல் ஒரு பங்கு நொடி. இந்தத் தள்ளலை 60 டன் டாங்கி லேசாக ஒரு குலுங்கு குலுங்கித் தாங்கிக்கொள்கிறது.

அந்தச் சக்தியெல்லாம் எங்கே போகிறது? பெரும்பகுதி எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் வெளிப்படும் சக்தி, அரை லிட்டர் தண்ணீரைக் கிட்டத்தட்டக் கொதிக்கவைக்கப் போதும். தொடர்ந்து சுட்டால் எண்ணெய் சூடாகி விரிவடையும். அதற்கும் சேர்த்தே இடம் விட்டு வடிவமைக்கிறார்கள்.

ஓர் அடிக்கு நடந்த போராட்டம்

உலகின் முதல் டாங்கிகள் 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் இறங்கின. அந்த பிரிட்டிஷ் டாங்கிகளில் சிலவற்றில் இருந்தவை 57 மி.மீ. பீரங்கிகள். சின்னப் பீரங்கி, சின்ன உதை. பிறகு கவசங்கள் தடிமனாக ஆக, பீரங்கிகளும் பெரிதாகின. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

களத்தில் நிற்கும் பீரங்கிக்கு 1 மீட்டர் பின்னால் வர இடம் உண்டு. டாங்கியின் மேலே சுழலும் தலைப்பகுதியான 'டரட்'டுக்குள் அந்த வசதி கிடையாது. அதற்குள்தான் மூன்று பேர், ரேடியோ, குண்டுகள், பார்வைக் கருவிகள் எல்லாம் அடைந்து கிடக்கின்றன. குழல் வர இடம் கொடுத்தால் ஆட்களுக்கு இடமில்லை. இடம் கொடுக்காவிட்டால் உதை அதிகமாகும்.

இதற்கு நல்ல உதாரணம் இரண்டாம் உலகப்போரின் 'ஷெர்மன் ஃபயர்ஃபிளை'. ஜெர்மனியின் டைகர், பாந்தர் டாங்கிகளின் முன்கவசத்தை அமெரிக்காவின் ஷெர்மனில் இருந்த 75 மி.மீ. பீரங்கியால் எளிதில் துளைக்க முடியவில்லை. பிரிட்டனிடம் '17 பவுண்டர்' என்ற பலமான பீரங்கி இருந்தது. அதை ஷெர்மனுக்குள் வைத்துவிடலாமா? 'வாய்ப்பே இல்லை' என்பதுதான் பலருடைய பதில். அந்தப் பீரங்கி பின்னால் வரும் தூரம் சுமார் 1 மீட்டர். ஷெர்மனின் டரட்டில் அதற்கு இடமில்லை.

இங்கிலாந்தின் லல்வொர்த் பயிற்சிப் பள்ளியில் இருந்த மேஜர் ஜார்ஜ் பிரைட்டி ஒரு முரட்டு வழியை முயன்றார். பிரேக்கையே கழற்றிவிட்டு, பீரங்கியை அசையாமல் டரட்டோடு பொருத்தினார். மொத்த உதையையும் டாங்கியே வாங்கிக்கொள்ளட்டும் என்பது கணக்கு. சோதனையில் டாங்கி சுட்டது. ஆனால், போர்க்களத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் அந்த அடியை டாங்கி எத்தனை நாள் தாங்கும்?

விக்கர்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் கில்போர்ன் வேறு வழி கண்டுபிடித்தார். பிரேக் சிலிண்டர்களைக் குட்டையாக்கி, பீரங்கியின் இரண்டு பக்கங்களிலும் வைத்தார். பீரங்கியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பொருத்தி, குண்டு போடும் கதவு லோடரின் பக்கம் திறக்கும்படி செய்தார்கள். டரட்டின் பின்சுவரில் ஓட்டை போட்டு, ரேடியோவை வெளியே ஒரு கவசப் பெட்டிக்குள் தள்ளினார்கள். பெரிய பீரங்கி வழியை அடைத்துக்கொண்டதால், ஆபத்தில் லோடர் வெளியேறுவதற்காகக் கூரையில் தனிக்கதவும் வெட்டினார்கள்.

1944 ஜூனில் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது ஃபயர்ஃபிளை தயார். மொத்தம் 2,000-க்கும் அதிகமான டாங்கிகள் இப்படி மாற்றப்பட்டன. எதிரியின் கனமான டாங்கிகளை நேருக்கு நேர் சந்திக்கும் தைரியத்தைப் படைக்குக் கொடுத்தது, குட்டையான அந்தச் சிலிண்டர்கள்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்

டாங்கிக்குள் இருப்பவர்களுக்கு இதெல்லாம் வெறும் பொறியியல் இல்லை. இன்றைய பெரிய டாங்கி பீரங்கிகளின் பின்பாகம், ஒவ்வொரு முறை சுடும்போதும் ஏறக்குறைய ஓர் அடி உள்ளே பாய்ந்துவிட்டுத் திரும்புகிறது. அந்தப் பாதைக்கு ஒரு பக்கம் கன்னரும் கமாண்டரும், மறுபக்கம் லோடரும் இருப்பார்கள். இடைவெளி சாண் கணக்கில்தான். கையோ முழங்காலோ குறுக்கே போனால் எலும்பு மிஞ்சாது.

அதனால்தான் பீரங்கியின் பின்பாகத்தைச் சுற்றிக் கம்பியோ தகடோ வைத்துத் தடுப்பு போட்டிருப்பார்கள். குண்டைப் போட்டுவிட்டு லோடர் விலகி நின்று, பாதுகாப்பு சுவிட்சைப் போட்டு, சத்தமாகக் குரல் கொடுத்தால்தான் கன்னர் சுடுவார். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் பாடம் இது. தானாகக் குண்டு நிரப்பும் இயந்திரம் உள்ள ரஷ்ய வகை டாங்கிகளில் லோடர் கிடையாது. ஆனால், பீரங்கிக்கு இடது பக்கம் கன்னரும் வலது பக்கம் கமாண்டரும் அதே நெருக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சுடுவதற்கு முன்னால் செய்யும் சோதனைகளில் பிரேக்கின் எண்ணெய் அளவும் முக்கியமானது. எண்ணெய் கசிந்து குறைந்திருந்தால், குழல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வேகமாக வந்து மோதும். பைக்கில் பிரேக் ஆயில் பார்ப்பதுபோலத்தான். இங்கே பார்க்காமல் விட்டால் விலை பெரிது.

குறி தவறாமல் இருப்பதிலும் பிரேக்குக்குப் பங்கு உண்டு. குண்டு குழலைத் தாண்டி வெளியே போவதற்குள்ளாகவே குழல் சில சென்டிமீட்டர் பின்னால் வந்துவிடுகிறது. அந்தச் சின்னப் பயணம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டும். இரண்டு சிலிண்டர்களில் ஒன்று கொஞ்சம் அதிகமாகத் தடுத்தால்கூட முனை லேசாக ஆடும். 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் அந்த ஆட்டம் பெரிய விலகலாகிவிடும்.

முனையில் மாட்டும் பிரேக்

பழைய போர்ப் படங்களில் ஜெர்மன் டாங்கிகளின் குழல் முனையில் ஓட்டை போட்ட உருளை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் 'மஸில் பிரேக்'. டைகர், பாந்தர் இரண்டிலும் உண்டு.

உள்ளே இருக்கும் எண்ணெய் பிரேக்குக்கும் இதற்கும் அடிப்படை வித்தியாசம் உண்டு. எண்ணெய் பிரேக் உதையைப் பரப்பத்தான் செய்யும். முனை பிரேக் உதையின் அளவையே குறைக்கும். குண்டு வெளியேறியதும் பின்தொடர்ந்து வரும் வாயு, முனையில் இருக்கும் தடுப்புத் தகடுகளில் மோதிப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் திரும்புகிறது. வாயு தகடுகளை முன்னால் தள்ளுவதால், பின்னால் ஓடும் குழலை யாரோ முன்னால் இழுத்துப் பிடிப்பதுபோல ஆகிறது.

அமெரிக்காவின் 76 மி.மீ. ஷெர்மன் டாங்கியில் இது இன்னொரு உதவியும் செய்தது. சுட்டதும் முன்பக்கம் எழும் புழுதியில் இலக்கே மறைந்துபோகிறது என்பது ஆரம்பத்தில் பெரிய தொல்லை. முனை பிரேக் மாட்டியதும் வாயு பக்கவாட்டில் பிரிந்து, கன்னரின் பார்வைக்கு வழி கிடைத்தது.

இவ்வளவு நல்ல பொருள் என்றால், இன்றைய பெரிய டாங்கிகளில் ஏன் அது இல்லை? அமெரிக்காவின் ஏப்ரம்ஸ், ஜெர்மனியின் லெப்பர்ட்-2, ரஷ்யாவின் டி-90... எதிலும் முனை பிரேக் கிடையாது.

முக்கியக் காரணம் குண்டு மாறிவிட்டதுதான். இன்றைய கவசத் துளைப்பான், நீளமான அம்பு மாதிரி இருக்கும். குழலின் அகலத்தை நிரப்ப, அம்பைச் சுற்றி 'சேபோ' என்ற உறையை மாட்டுகிறார்கள். குழலைத் தாண்டியதும் காற்று மோதி உறை பிரிந்து விழுந்துவிடும். அது பிரியும் நேரத்தில் முனையில் தகடுகள் இருந்தால், உறை உரசவும் அம்பின் பாதை கலையவும் வாய்ப்பு உண்டு. அடுத்த காரணம், கூட நடந்து வரும் காலாட்படை வீரர்கள். பக்கவாட்டில் திரும்பும் அந்த வாயு அவர்களுடைய காதையும் நெஞ்சையும் தாக்கும். மூன்றாவது, டாங்கியின் எடை. 50, 60 டன் எடையும் நல்ல எண்ணெய் பிரேக்கும் இருந்தால் முனை பிரேக் இல்லாமலேயே சமாளிக்க முடிகிறது.

இன்றைய டாங்கிக் குழலின் நடுவில் ஒரு வீக்கம் இருக்குமே, அது என்ன? அதைப் பின்னுதைப்புக் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சுட்டபின் குழலில் தங்கும் நச்சுப்புகை டாங்கிக்குள் வராமல், முன்பக்கமாக வெளியே இழுத்துவிடும் புகைபோக்கி அது.

உதையே இல்லாத பீரங்கி

பின்னுதைப்பை முழுசாக ஒழித்துவிட முடியாதா? முடியும். குழலின் பின்பக்கத்தையும் திறந்துவிட்டால் போதும். குண்டு முன்னால் போகும்போது, அதற்குச் சமமாக வாயு பின்னால் போய்விடும். குழல் அசையாது. இதைத்தான் 'ரீகாயில்லெஸ் கன்' என்கிறார்கள்.

1965 இந்தியா-பாகிஸ்தான் போரில், பஞ்சாபின் அஸல் உத்தர் பகுதியில் ஹவில்தார் அப்துல் ஹமீது பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை அடுத்தடுத்துத் தகர்த்தது, ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. ரீகாயில்லெஸ் பீரங்கியால்தான். அதே அளவு சாதாரண பீரங்கியை ஒரு ஜீப்பால் தாங்கவே முடியாது. ஆனால், அதற்கும் ஒரு விலை உண்டு. பின்னால் சீறும் தீயும் புழுதியும், சுட்ட இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். சுட்டவுடன் இடம் மாற வேண்டும். செப்டம்பர் 10-ம் தேதி இன்னொரு டாங்கியோடு நேருக்கு நேர் மோதியபோது ஹமீது வீர மரணம் அடைந்தார். அவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

மூடிய டாங்கிக்குள் இந்த வகைப் பீரங்கியை வைக்க முடியாது. பின்னால் வரும் தீ, உள்ளே இருப்பவர்களைத்தான் முதலில் சுடும்.

ஆவடியிலிருந்து லடாக் வரை

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆவடி, இந்திய டாங்கிகளின் பிறந்த வீடு. 1965-ல் இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 105 மி.மீ. பீரங்கியோடு விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிறகு டி-72, டி-90, அர்ஜுன் என்று வரிசை நீண்டது. 120 மி.மீ. பீரங்கி கொண்ட அர்ஜுனின் புதிய வடிவமான மார்க் 1ஏ, சுமார் 68 டன். அவ்வளவு எடையுள்ள உடம்புக்கு உதை ஒரு பொருட்டே இல்லை.

ஆனால், லடாக் போன்ற மலை உச்சிகளுக்கு அவ்வளவு கனமான டாங்கியைக் கொண்டுபோவது கடினம். 2020-ல் கல்வான் மோதலுக்குப் பிறகு லேசான டாங்கி வேண்டும் என்ற குரல் வலுத்தது. அப்படி உருவானதுதான் ஜோராவர். ஆவடியில் இருக்கும் டி.ஆர்.டி.ஓ-வின் போர் வாகன ஆய்வு நிறுவனமும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. எடை சுமார் 25 டன். பீரங்கியோ 105 மி.மீ.!

மூன்றில் ஒரு பங்கு எடையில் இவ்வளவு பெரிய பீரங்கியா? இந்த ஆசையில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்கா 1960-களில் உருவாக்கிய ஷெரிடன் டாங்கியின் எடை சுமார் 15 டன்தான். பீரங்கி 152 மி.மீ. சுட்டால் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும். அந்தக் குலுக்கலில், அதே குழலிலிருந்து ஏவும் ஏவுகணைக்கான மின்னணுக் கருவிகள் பழுதாகின.

லேசான வண்டிகளில் பெரிய பீரங்கியை வைக்க இன்று பின்பற்றும் வழி, இந்தக் கட்டுரையில் பார்த்த இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான். குழல் ஓர் அடிக்குப் பதிலாக 2 அடி அல்லது அதற்கும் மேல் பின்வாங்க இடம் விடுவார்கள். தூரம் இரண்டு மடங்கானால் தள்ளல் பாதியாகும். முனை பிரேக்கையும் மாட்டுவார்கள். இத்தாலியின் 8 சக்கர 'சென்டாரோ' வண்டி, சுமார் 24 டன் எடையில் 105 மி.மீ. பீரங்கியைச் சுடுவது இப்படித்தான். அதனால்தான் கனரக டாங்கிகள் கைவிட்ட முனை பிரேக், லேசான வண்டிகளில் இன்னும் வாழ்கிறது.

2024 டிசம்பரில் ஜோராவர், 4,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் குண்டுகளைச் சுட்டு, குறி தவறாமல் அடித்ததாகப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. நம்மூர் வெயிலில் நீர்த்து ஓடும் எண்ணெய், உறையும் குளிரில் கெட்டியாகும். இரண்டு இடங்களிலும் பிரேக் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும். அதனால்தான் பாலைவனத்தில் ஒருமுறை, பனிமலையில் ஒருமுறை என்று சோதனை நடத்துகிறார்கள்.

அடுத்த குடியரசு தின அணிவகுப்பில் டாங்கி வரும்போது அதன் குழலைக் கவனியுங்கள். நடுவில் வீக்கம் இருந்தால் அது புகைக்காக. முனையில் ஓட்டை போட்ட உருளை இருந்தால், அது லேசான வண்டியாகவோ பழைய காலத்து டாங்கியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் பிரேக் மட்டும் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. கவசத்துக்குப் பின்னால், கன்னரின் தோளுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.